வாளியில் வந்த சாட்சி

காலை ஒன்பது மணிக்கு நானும் என் மனைவி சொர்ணமும் படுக்கையறைத் தரையில் மண்டியிட்டு, இரும்பு அலமாரியின் அடிப்பக்கத்தைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தோம். என் இடையில் கஞ்சியிட்டுத் தேய்த்த எட்டு முழ வேட்டி. சட்டைப் பையில் பதினொரு பக்க உரை. அலமாரியின் அடியில், இருட்டில், காம்பின்மேல் நின்ற இரு கண்கள் எங்களை நோக்கிக்கொண்டிருந்தன.

அது ஒரு கழி நண்டு. என் உள்ளங்கையை விரித்து வைத்தாலும் அதன் ஓட்டை முழுதாக மறைக்க முடியாது.

பதினொரு மணிக்கு எண்ணூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறவிருந்தது. அதில் அந்த நண்டு உயிரோடு ஆஜராக வேண்டும். ஆஜராகாவிட்டால், எங்கள் கழிமுகத்தின் ஒரு பகுதி செத்துப்போனதாகவே பதிவாகும். பதிவானபின் அதன்மேல் மண்ணும் சாம்பலும் கொட்டி மேடாக்கிக் கன்டெய்னர் அடுக்கும் முற்றம் அமைப்பார்கள். அது செத்துவிட்டது என்பதற்குச் சான்றாக நிறுவனம் காட்டவிருந்த கையொப்பம் வேறெவருடையதும் அன்று; என்னுடையது.

"ஏங்க, அது நம்மளவிட நிதானமா இருக்கு," என்றாள் சொர்ணம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபது கடந்த இவ்வாழ்நாளில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது மூன்று முறை இருக்கலாம். அவற்றுள் இரண்டு எனக்குப் பத்து வயது நிரம்பும் முன் நிகழ்ந்தவை. அன்று காலை அந்தக் கணக்கு ஒரேயடியாகக் குலைந்தது. நான் சிரித்தேன், என்னைப் பார்த்துச் சொர்ணம் சிரித்தாள், நண்டு ஓர் அங்குலம் பின்வாங்கியது.

நாற்பது விநாடிக் காணொளி

இந்த நிகழ்ச்சியை இத்தொடரில் எழுதுவதில்லை என்றே முதலில் முடிவு செய்திருந்தேன். ஆனால் கூட்டத்தில் எவரோ கைபேசியில் பிடித்த நாற்பது விநாடிக் காட்சி ஒன்று ராயபுரம் முதல் அத்திப்பட்டு வரை கைபேசிதோறும் உலவுகிறது. எம்.கே.பி. நகரில் இருக்கும் என் மைத்துனர் அதை எனக்கே அனுப்பிவைத்து, "இது யாரென்று தெரிகிறதா?" என்று கேட்டிருந்தார். அக்காட்சியில் நான் ஒரு வாளியோடும் துடைப்பத்தோடும் மேடையேறுகிறேன். பின்னர் என் கையில் ஏதோ தொங்குகிறது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

நாற்பது விநாடியை வைத்து ஒரு மனிதரின் நாற்பது ஆண்டு மதிப்பை எடைபோடக் கூடாது. ஆகவே வாளி எப்படி வந்தது, துடைப்பம் ஏன் வந்தது, கையில் தொங்கியது எது என்பதை முறைப்படி எழுதிவைக்கிறேன்.

புட்டியில் இருந்தது

இத்தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் அறிவார்கள். நான் மணலியில் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளனாகச் சேர்ந்து, அதன் தலைவனாக ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் மனிதன் நான். எம்.எஸ்ஸி. என்னும் அந்த எழுத்துகள் இல்லாமல் நான் எங்கும் கையெழுத்திட்டதில்லை. பால் அட்டை வாங்கும் படிவத்திலும் இட்டிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, கழிவுநீர் எந்த நிலையில் வெளியேறுகிறது என்று சோதித்து எழுதுவது. நாள்தோறும் காலையில் ஒரு புட்டி வரும். அதில் இருந்ததைச் சோதிப்பேன். வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடுவேன். புட்டியில் இருந்தது வரம்புக்குள்தான் இருந்தது. அதில் ஐயமில்லை. அந்தப் புட்டி எந்த நேரத்தில், எந்தக் குழாயடியில் நிரப்பப்பட்டது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். பொய் எழுதியதில்லை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு உண்டு. அதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுவதைச் சொர்ணம் மட்டும் கவனித்திருக்கிறாள்.

ஓய்வு பெற்றபின் எனக்கு வேறொரு வழக்கம் ஏற்பட்டது. விடிந்ததும் எங்கள் திருவொற்றியூர் வீட்டு ஜன்னல் விளிம்பை ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் துடைப்பேன். அதில் ஏறும் கருமையை உற்று நோக்குவேன். காற்று வடக்கிலிருந்து அடித்தால் நிலக்கரித் தூள் மினுங்கும். மேற்கிலிருந்து அடித்தால் கைக்குட்டை வெளுப்பாகவே இருக்கும், ஆனால் மூக்கு எரியும். பணியில் இருந்தபோது புட்டியை மட்டும் பார்த்தவன், ஓய்வுக்குப் பின் புட்டியைத் தவிர மற்றெல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினேன். மனிதன் ஒரு பக்கம் சாய்ந்து நடந்ததை ஈடுகட்ட மறுபக்கம் மிகையாகச் சாய்வான். அப்படித்தான் நான் பெயர் போட்டு வைத்த ஒரு பதாகை வந்தது.

கண்ணீர் அஞ்சலி

ஒரு புயல் மழை. எந்த ஆண்டு என்று சொன்னால் ஆளுக்கொரு கதை சொல்வீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். வெள்ளம் வந்தது, வெள்ளத்தின்மேல் எண்ணெய் வந்தது. எங்கள் பகுதித் தெருக்களில் இடுப்பளவு நீர் வடிந்தபோது சுவர்களில் கருப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. வீட்டுக்கு வீடு அளவெடுத்து இழுத்ததுபோல் நேராக. புயல் இயற்கையின் செயல். எண்ணெய் நம்முடைய செயல். இரண்டையும் பிரித்து வைக்க வெள்ளத்துக்குத் தெரியவில்லை. எங்கள் கடற்கரையிலும் இதே கதைதான். கடல் கரையை அரிக்கிறது என்று ஓரிடத்தில் கல் கொட்டுவார்கள். அங்கே நின்ற மணல் அடுத்த குப்பத்துக்குப் போகாது. அடுத்த குப்பத்தில் கடல் வீட்டு வாசலுக்கு வரும். அரிப்பது கடல்தான். எங்கே அரிப்பது என்று அதற்கு வழி காட்டுபவர்கள் நாம்.

வெள்ளம் வடிந்த சில நாட்களில் நான் ரயில் பாலத்தின் பக்கம் நின்று கழிமுகத்தைப் பார்த்தேன். நீரின்மேல் எண்ணெய் வானவில்லாகச் சுழன்றது. அலையாத்திச் செடிகளின் வேர்கள் தார் பூசியவைபோல் நின்றன. ஒரு கொக்குகூட இல்லை. வீட்டுக்கு வந்து, எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் ஓர் அறிக்கை எழுதினேன். முதற்படியில் 'உயிரினம் எதுவும் கண்ணில் படவில்லை' என்று எழுதினேன். அது வலுவில்லாததாகத் தோன்றியது. அடித்துவிட்டு, 'இப்பகுதியில் உயிர் இல்லை. கழிமுகம் இறந்துவிட்டது' என்று எழுதினேன். கீழே கையெழுத்து, கையெழுத்தின் பின்னால் பட்டம்.

அதோடு நின்றிருக்கலாம். நம் ஊரில் ஒருவர் மறைந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வைப்பது வழக்கமல்லவா? கழிமுகத்துக்கும் அப்படி ஒன்று வைத்தால் அதிகாரிகளின் கண் திறக்கும் என்று சங்கத்தில் பேச்சு எழுந்தது. வாசகத்தை நானே இயற்றினேன். நடுவில் கழிமுகத்தின் படம். சுற்றிலும் அச்சடித்த ரோஜா மாலை. இரு ஓரங்களிலும் குத்துவிளக்கு. 'தோற்றம்: மனிதன் அறியான். மறைவு: மனிதனால்.' இந்த வரிக்குப் பலர் என் கையைப் பற்றிக் குலுக்கினார்கள். கீழே, துயருடன் என்னும் சொல்லுக்கு அடுத்து, என் பெயர் முதலில்.

பதினாறாம் நாள் கூட்டமும் நடத்தினோம். இரண்டு நிமிட மௌனம், இரங்கல் உரை, எல்லோருக்கும் தேநீர். உரை நன்றாக அமைந்தது என்றே இன்றும் கருதுகிறேன்.

அந்தப் பதாகையால் ஓர் அதிகாரியின் கண்ணும் திறந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் தேசம்மா அன்றோடு எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

சாவுக்குச் சொன்னவன்

ஆண்டு சில கழிந்தன. கழிமுகத்தின் ஓரத்தில் ஒரு நிறுவனம் கன்டெய்னர் முற்றம் அமைக்க அனுமதி கேட்டிருப்பதாகச் செய்தி வந்தது. திட்டத்தின் சுருக்கம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. நான் சென்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். நடுப்பகுதியில் ஒரு வண்ணப் படம். ரோஜா மாலை, குத்துவிளக்கு, என் பெயர், என் பட்டம்; எதிர்ப்பக்கத்தில் நான் கையெழுத்திட்ட அறிக்கையின் நகல். படத்தின் கீழே, 'இப்பகுதி உயிரற்றது என்பதை உள்ளூர் மக்களும், வேதியியல் அறிஞர் ஒருவரும் எழுத்துமூலம் உறுதி செய்துள்ளனர்; எனவே இதை மேடாக்குவதால் உயிர்ச் சூழலுக்குப் புதிய பாதிப்பு இல்லை' என்று அச்சிட்டிருந்தது.

என்னை அறிஞர் என்று அச்சில் குறிப்பிட்டது அதுவே முதல் முறை. அந்தப் பெருமையை அனுபவிக்க இயலாத நிலையில் இருந்தேன்.

பாதுகாக்க வேண்டும் என்று எழுதிய இரங்கலை, அடக்கம் செய்வதற்கான சீட்டாக மாற்றிவிட்டார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் மாற்றவும் இல்லை. நான் எழுதியதை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதை எழுதிய நான் கழிமுகத்தில் ஒரு முறையும் கால் வைத்ததில்லை.

மறுநாள் ரயில்வே கேட் அருகில் கூடையுடன் அமர்ந்திருந்த தேசம்மாவிடம் சென்றேன். அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவள் கணவர் கழியில் வலை வீசுபவர். அலையாத்தி வேரடியில் வளைகளுக்குள் கம்பி விட்டு நண்டு எடுப்பதில் தேர்ந்தவர். நான் அவள் எதிரில் நின்றேன். அவள் ஒரு மடவை மீனைத் திருப்பி வைத்தாள்; என்னைப் பார்க்கவில்லை. கழிமுகத்தில் இப்போது ஏதேனும் உயிர் உண்டா என்று கேட்டேன்.

"சாவுக்குச் சொல்லி வுட்டியே சார், அப்ப கேக்கலியே இத்த," என்றாள். "உயிரோட கீறவளுக்குப் படம் வச்சு மாலை போட்டுகீறே. ஒன் போஸ்டரப் பாத்துட்டு மெயின் ரோட்டு டாக்டரம்மா எங்கிட்ட மீனே வாங்கறதில்ல. நீ இன்னா ஆத்துல எறங்கிப் பாத்தியா?"

பாலத்தின் பக்கத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னேன்.

"அங்கேர்ந்து பாத்தா நானே செத்தவளாத்தான் தெரிவேன்."

திட்டச் சுருக்கத்தில் வந்திருந்த படத்தைப் பற்றியும் அதன் கீழே எழுதியிருந்ததைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கை மீனின்மேல் அசையாமல் நின்றது. அந்த இடத்தை மூடிவிட்டால் அவள் வீட்டுக்காரர் வலை வீச வேறு இடம் இல்லை. கடலுக்குப் போகப் படகும் இல்லை, வயதும் இல்லை. கூட்டம் எப்போது என்று கேட்டாள். சொன்னேன். நீ போய் என்ன செய்வாய் என்று கேட்டாள். நான் எழுதியது தவறு என்று சொல்வேன் என்றேன்.

தேசம்மா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "சொம்மா வாய்ல சொன்னா வேலைக்காவாது சார். கையில எடுத்தாந்து காட்டணும்," என்றாள்.

இரும்பு அளவுகோல்

கூட்டத்தன்று காலை ஏழரை மணிக்கு அவள் எங்கள் வாசலில் நின்றாள். கையில் நீல பிளாஸ்டிக் வாளி. உள்ளே, கால்களும் கொடுக்குகளும் கயிற்றால் இறுகக் கட்டப்பட்ட நிலையில் அந்த நண்டு. மூடப் போவதாகச் சொல்லும் அதே இடத்தில், விடியலில், அவள் வீட்டுக்காரர் எடுத்தது. சேறு காயாமல் அப்படியே இருந்தது. தான் குப்பத்துப் பெண்களோடு நேரே மண்டபத்துக்கு வருவதாகவும், கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்றும் சொல்லிச் சென்றாள்.

வாளியை எட்டிப் பார்த்த சொர்ணத்தின் முகம் மலர்ந்தது. அவள் தூத்துக்குடிப் பக்கம். இத்தனை பெரிய நண்டைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்றும், மிளகு அரைத்து வைக்கட்டுமா என்றும் கேட்டாள். அது சான்றுப் பொருள் என்றும், எண்ணெயும் சாம்பலும் கலந்த சேற்றில் வாழ்வதைச் சோதிக்காமல் உண்ணக் கூடாது என்றும் விளக்கினேன். "சோதிச்சுட்டுச் சொல்லுங்க, அரைச்சு வைக்கேன்," என்றாள்.

சோதிப்பது என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பொருளைச் சபையில் சமர்ப்பிக்கும்போது அதன் நீளம், அகலம் தெரிந்திருக்க வேண்டாமா? ஆய்வுக்கூடத்தில் வாங்கிய இரும்பு அளவுகோல் என் மேசையில் இருந்தது. கயிறு ஓட்டின் குறுக்கே ஓடியதால் அளவு துல்லியமாக வராது. கயிறுதானே என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

நண்டு அளவுகோலைப் பொருட்படுத்தவில்லை. ஓட்டின் அகலத்தை நான் குறித்துக்கொள்ளும் முன், அது மேசையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து படுக்கையறைக்கும் சென்றுவிட்டது. அதன் நடையில் அவசரம் இல்லை; பக்கவாட்டில், ஒரு மூத்த அதிகாரி வராந்தாவில் போவதுபோல் போயிற்று. நான் பின்னால் ஓடினேன். வேட்டி தடுக்கியது. சொர்ணம் அடுக்களையிலிருந்து வந்து, அலமாரி அடியில் பாதியும் வெளியில் பாதியுமாக இருந்த என்னைப் பார்த்தாள்.

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் நீங்கள் எங்களை விட்டு வந்தது அந்த இடத்தில்தான்.

சிரித்து முடித்தபின் சொர்ணம் தேசம்மாவைக் கைபேசியில் அழைத்தாள். இவ்வளவு நாளும் அந்த எண் அவளிடம் இருந்ததையும், எனக்குத் தெரியாமல் பின்வாசலில் மீன் வாங்கிவந்ததையும் அப்போதுதான் அறிந்தேன். தேசம்மா கைபேசியிலேயே எங்களைத் திட்டிவிட்டு வழி சொன்னாள்: கையை நீட்டாதே, துடைப்பத்தை நீட்டு, பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் இழு. சொர்ணம் தென்னந்துடைப்பத்தை உள்ளே விட்டாள். ஒரு சிறு ஓசை. இழுத்தாள். கொடுக்கிரண்டாலும் துடைப்பத்தைத் தழுவியபடி சாட்சி வெளியே வந்தது. வாளிக்குள் இறக்கினோம். துடைப்பத்தை மட்டும் அது விடவே இல்லை. பிடுங்கப் பார்த்தால் இன்னும் இறுக்கியது. மணி பத்தாகிவிட்டது.

துடைப்பத்துடனேயே கிளம்பினேன்.

ஆட்டோவில் ஒரு பட்டதாரி

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் நீல வாளி, வாளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்ற துடைப்பம். ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார்.

"இன்னா நைனா, மண்டபத்துல பெருக்கற வேலையா?"

நான் ஒரு முதுகலைப் பட்டதாரி என்றேன்.

"அதனால இன்னா நைனா. இப்போ எல்லா வேலைக்குந்தான் டிகிரி கேக்கறான்."

வலப்புறம் கல் கொட்டிய கரையில் கடல் மோதிக்கொண்டிருந்தது. இடப்புறம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அச்சாலையில் கண்ணை மூடிக்கொண்டே எந்த இடம் வருகிறது என்று சொல்லிவிடலாம். முதலில் கருவாடு, பிறகு டீசல், பிறகு மூக்கில் ஏறும் ஆலை நெடி, பிறகு நனைந்த சாம்பலின் மணம். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நான் எழுதிய சொல்லை நானே பலர் முன்னிலையில் திரும்பப் பெறப் போகிறேன். மடியிலோ ஒரு நண்டு துடைப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளியை விட்டு ஓடிவந்தவனுக்கு இருக்கும் துள்ளல் எனக்குள் ஏன் இருந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

மண்டப வாயிலில் காவலர் வாளியில் என்ன என்று கேட்டார். சான்றுப் பொருள் என்றேன். குனிந்து பார்த்தவர், இரண்டடி பின்னால் நகர்ந்து, உள்ளே போகச் சொன்னார்.

மூன்று நிமிடம்

மேடையின் நடுவில் பெண் அதிகாரி ஒருவர் தலைமை ஏற்றிருந்தார். ஒரு பக்கம் நிறுவனத்தின் ஆலோசகர், டை கட்டிய மரியாதையான மனிதர். எதிரே நாற்காலிகள் நிறையக் குப்பத்துப் பெண்கள். பேசுவோருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். என் உரை பதினொரு பக்கம்.

திரையில் ஆலோசகர் என் கண்ணீர் அஞ்சலியைக் காட்டி முடித்திருந்தார். என் பெயரை அழைத்தார்கள். நான் வாளியுடன் மேடையேறினேன். மண்டபம் சிரித்தது. நான் உரையைப் பிரிக்காமல், திரையில் உள்ள பெயர் என்னுடையது என்றும், அங்கு எழுதியிருப்பது தவறு என்றும், தவறுக்கான சான்று வாளிக்குள் இருக்கிறது என்றும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

ஆலோசகர் எழுந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: இந்த நண்டை இன்று காலை காசிமேட்டு மீன் சந்தையில் வாங்கியிருக்கக் கூடாதா?

நான் வாய் திறக்குமுன் கூட்டத்திலிருந்து தேசம்மாவின் குரல் வந்தது. "காசிமேட்டு நண்டு இப்டி பவுடர் பூசிகினு வருமா சார்? கவுத்துப் பாருங்க."

அது ஒரு வேதியியலாளனுக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை. வாளிக்குள் கை விட்டு நண்டின் பின்புறத்தைப் பிடித்துத் தூக்கி, வயிற்றுப்புறத்தைத் திருப்பினேன். மடிப்பு மடிப்பாகச் சாம்பல் படிந்திருந்தது. அனல்மின் நிலையச் சாம்பலின் அந்த வெளிறிய நிறத்தை நான் எங்கு கண்டாலும் அறிவேன். கால் இடுக்கு மயிர்களில் பழைய எண்ணெய் கருப்பாக ஒட்டியிருந்தது. கழிமுகத்தைப் பற்றி நான் எழுதிய எல்லா அறிக்கைகளைவிடவும் நேர்மையான அறிக்கை என் கையில் இருந்தது. எல்லோரும் காணும்படி அதை உயர்த்தினேன்.

அந்தக் கணத்தில் நண்டு துடைப்பத்தை விட்டது. என் வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பற்றியது.

நான் கத்தவில்லை. இதை அழுத்தமாகவே பதிவு செய்கிறேன். நாற்பது விநாடிக் காணொளியில் கேட்கும் அலறல் ஆலோசகருடையது. நண்டு கையில் தொங்க, நான் சொல்ல வந்ததைத் தொடர்ந்தேன்: இக்கழிமுகம் உயிரோடு இருக்கிறது, அது நலமாக இல்லை, நலமாக இல்லாதவரை எவரும் புதைப்பதில்லை. என் கண்களில் நீர் வழிந்தது. உணர்ச்சிவசப்பட்டேன் என்று மறுநாள் பலர் எழுதினார்கள். அப்படியே இருக்கட்டும்.

தேசம்மா மேடைக்கு ஓடி வந்தாள். "இழுக்காத சார், இழுக்காத. தண்ணியில வையி, அதுவா வுட்டுடும்." தேநீர் மேசையடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் என் கையை நண்டோடு அமிழ்த்தினாள். நீர் கிடைத்ததும் நண்டு என்னை மறந்தது. மேடையில் அதிகாரி கோப்பால் முகத்தை மறைத்திருந்தார், கோப்பு குலுங்கிக்கொண்டிருந்தது. மண்டபம் முழுதும் சிரித்தது. வலியோடு நானும் சிரித்தேன். ஒரே நாளில் இரண்டாவது முறை.

இடக்கை

கோப்பை இறக்கியபோது அதிகாரி தம் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் சொன்னது பதிவாகிவிட்டது என்றும், ஆனால் முன்பு எழுத்தில் கொடுத்ததை எழுத்தில்தான் திரும்பப் பெற முடியும் என்றும், கூட்டம் முடிவதற்குள் கையொப்பத்துடன் கொடுத்தால் அந்தப் பக்கத்தை அறிக்கையிலிருந்து நீக்கி, கழியில் இறங்கி மீண்டும் ஆய்வு செய்யும்படி எழுதுவதாகவும் சொன்னார்.

எழுத்தர் ஒருவர் நான் சொன்ன மூன்று வரிகளை எழுதினார். பேனாவை நீட்டினார். என் வலக்கை தேசம்மாவின் துண்டுக்குள் பூசணிக்காயளவு வீங்கியிருந்தது. இடக்கையால் எழுதிப் பார்த்தேன். அது என் கையெழுத்தாக இல்லை. யாருடைய கையெழுத்தாகவும் இல்லை. பழைய கையொப்பத்தோடு இது பொருந்தாதே என்று ஆலோசகர் மெல்லச் சொன்னார். அதுவும் நியாயமே.

எழுத்தர் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். கைநாட்டு வைக்கலாம்; எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்திட்டால் போதும்.

என் தகப்பனார் கடைக் கணக்கில் கைநாட்டு வைத்தவர். அவருடைய பெருவிரலில் எப்போதும் இருந்த நீல மையைப் பள்ளித் தோழர்கள் பார்த்துவிடக் கூடாதென்று, அவரோடு தெருவில் நடக்கும்போது அந்தக் கையின் பக்கம் நானே நின்று மறைத்துக்கொண்டு வருவேன். எம்.எஸ்ஸி. என்று எழுதத் தொடங்கியபோது அந்த மையை எங்கள் குடும்பத்திலிருந்தே கழுவிவிட்டதாக எண்ணியிருந்தேன்.

மைப்பெட்டியைத் திறந்தார்கள். இடக்கைப் பெருவிரலை வைத்து, தாளில் அழுத்தினேன். விரலை எடுத்தபோது நீலச் சுழிகள் தெளிவாக விழுந்திருந்தன. பார்க்க நன்றாகவே இருந்தது.

சாட்சிக் கையெழுத்துக்குத் தேசம்மா முன்வந்தாள். எட்டாவது வரை படித்தவள். மகளிர் குழுவின் பதிவேடு எழுதுபவள். பேனாவை வாங்கி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் தன் கையெழுத்தை இட்டு, என் ரேகைக்குக் கீழே என் பெயரை உருண்டை உருண்டையான எழுத்துகளில் எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எம்.எஸ்ஸி. போடணுமா சார்?"

வேண்டாம் என்றேன். கைநாட்டின் கீழ் பட்டம் எதற்கு.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். தொட்டிக்குள் இருந்த நண்டையும் பார்த்தாள். "போடாம இன்னா? படிச்சவன் தப்ப ஒத்துகினான்னு வெறும் பேரப் பாத்தா நாளைக்கு எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டு, புள்ளி வைத்து, அழுத்தமாக எழுதினாள்.